பூவுக்கு எத்தனை சமச்சீர் கோடுகள்?

வாசகர் கேள்வி – பதில்

பூக்களின் சமச்சீர் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதி கணக்கு, பாதி தாவரவியல். அதனால் இரு துறையினரும் சேர்ந்தே பதில் எழுதியிருக்கிறார்கள். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கே: செம்பருத்தி ‘ஆரச்சமச்சீர்’ உடையது என்றும், மையத்தின் வழியே எப்படி வெட்டினாலும் இரு சம பாதிகள் கிடைக்கும் என்றும் பாடத்தில் வருகிறது. வகுப்பில் பூவின் மேல் கண்ணாடி வைத்துக் காட்டினேன். எந்தக் கோட்டில் வைத்தாலும் பொருந்தவில்லை. எங்கே பிசகு? (ஆசிரியை, விருதுநகர்)

ப: உங்கள் கண்ணாடி காட்டியதுதான் சரி. பாடம் கொஞ்சம் தளர்வாகப் பேசுகிறது.

செம்பருத்தி இதழ் ஒன்றைப் பிய்த்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். நெடுக்காக மடித்தால் இரு பாதியும் ஒட்டாது. ஒரு பக்கத் தோள் அகன்றும் மறுபக்கத் தோள் சரிந்தும் இருக்கும். காரணம் மொட்டில் இருக்கிறது. அங்கே ஒவ்வோர் இதழின் ஒரு விளிம்பு வெளியே தெரிய, மறு விளிம்பு பக்கத்து இதழுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஐந்து இதழுக்கும் இதே ஒழுங்கு. இதைத்தான் திருகு இதழமைவு என்கிறோம். மூடிய பாதியும் மூடாத பாதியும் ஒரே மாதிரி வளர்வதில்லை. ஆகவே விரிந்த பூவை 72° சுழற்றினால் ஒவ்வோர் இதழும் அடுத்ததன் இடத்தில் சரியாக உட்காரும். கண்ணாடியில் பார்த்தாலோ திருகு எதிர்த்திசைக்குப் போய்விடும். காகிதக் காற்றாடிக்கு எது பொருந்துமோ அதுவே இதற்கும்: சுழல் சமச்சீர் வரிசை (ஒரு முழுச் சுற்றில் பூ தன்மேலேயே பொருந்தும் தடவைகள்) 5, சமச்சீர் கோடு (கண்ணாடி வைத்தால் பொருந்தும் கோடு) 0.

ஆரச்சமச்சீர் என்று சொல்லும்போது தாவரவியலார் இதழ்கள் மையத்தைச் சுற்றி ஒரே அளவில், ஒரே இடைவெளியில் நிற்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறார்கள். எந்த விளிம்பு எதன் மேல் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. பட்டாணிப் பூவிலிருந்து செம்பருத்தியைப் பிரித்துக் காட்ட அது போதும். கணித வகுப்புக்குப் போதாது.

அதே பூவைக் கவிழ்த்து, அடியில் பச்சையாக உள்ள புல்லி வட்டத்தைப் பாருங்கள். அதில் ஐந்து முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு தொட்டு நிற்கின்றன. இது தொடு இதழமைவு. இங்கே வரிசை 5, கோடுகளும் 5. அதற்கும் கீழே பச்சைக் குச்சிகள் போல் உள்ள புறப்புல்லிகளை எண்ணினால் பெரும்பாலும் 6 அல்லது 7 வரும், அவை எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படுவதில்லை. ஆக ஒரே பூவில் மூன்று அடுக்கு, மூன்று விடை. ‘இந்தப் பூவுக்குச் சமச்சீர் என்ன?’ என்று கேட்பதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். எந்த வட்டத்துக்கு என்று கேட்க வேண்டும். பிள்ளைகளை ‘அல்லி வட்டம் (இதழ்கள்): வரிசை 5, கோடு 0’ என்று வட்டத்தின் பெயரோடு எழுதப் பழக்குங்கள்.

கண்ணாடியில் உண்மையாகவே பொருந்தும் ஐந்திதழ்ப் பூ வேண்டுமென்றால் எருக்கம்பூ இருக்கிறது. அதன் அல்லி வட்டம் தொடு இதழமைவு. நடுவில் உள்ள மகுடமும் ஐந்து பிரிவு. நந்தியாவட்டையும் எருக்கும் இன்றைய வகைப்பாட்டில் ஒரே குடும்பம், அப்போசைனேசி. ஆனால் நந்தியாவட்டைக்குக் கோடு 0, எருக்குக்கு 5. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒரு பாடவேளைக்குத் தனியாக வேறு எதுவும் தேவையில்லை.

கே: வீட்டிலேயே இதைச் சரியாகச் சோதிக்க என்னென்ன வேண்டும்? பூவைப் பிடித்துச் சுழற்றினால் கை ஆடுகிறது. (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

ப: பூவைச் சுழற்றாதீர்கள். படத்தைச் சுழற்றுங்கள்.

தேவை: கைபேசி, தடித்த அட்டை, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் (பழைய ஓ.எச்.பி. தாள் கிடைத்தால் நல்லது), மெல்லிய முனை மார்க்கர், குண்டூசி, பாகைமானி. முதல் முயற்சிக்கு ஒற்றை நந்தியாவட்டை அல்லது நித்தியகல்யாணி எடுங்கள். இவற்றுக்கு நீண்ட குழலும் அதன் உச்சியில் தட்டையாக விரிந்த மடல்களும் இருப்பதால் வேலை எளிது. அடுக்கு வகைகள் வேண்டாம்.

அட்டையில் 3, 4 மி.மீ. துளை போட்டுக் குழலை அதில் செருகினால் மடல்கள் அட்டையின் மேல் படிந்து நிற்கும். அட்டையைத் தரையில் வைத்து, 30 செ.மீ. உயரத்திலிருந்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி நேர் மேலிருந்து படமெடுங்கள். 10 செ.மீ. உயரத்தில் எடுத்தால் கேமராவுக்கு அருகே உள்ள பகுதிகள் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும். பூவுக்குப் பக்கத்தில் ஒரு வட்ட நாணயத்தையும் வையுங்கள். படத்தில் நாணயத்தின் நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் கைபேசி சாயவில்லை என்று பொருள். 20° சாய்ந்தாலே 40 மி.மீ. பூ ஒரு திசையில் 37.6 மி.மீ.ஆகக் குறுகிவிடும். அந்தப் படத்தில் சுழல் சமச்சீரைத் தேடுவது வீண்.

படத்தைப் பூ 10 செ.மீ. அகலம் வரும்படி அச்சிட்டு, மேலே பிளாஸ்டிக் தாளை வைத்து, இதழ் விளிம்புகளையும் எந்த விளிம்பு மேலே இருக்கிறது என்பதையும் வரையுங்கள். மையத்தில் குண்டூசி குத்தி, தாளை 72° திருப்புங்கள். ஐந்து முறையும் கோடுகள் படத்தின் மேல் படிந்தால் வரிசை 5. பிறகு ஊசியை எடுத்துவிட்டு, தாளைக் கவிழ்த்துப் போட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள். கவிழ்த்த தாள் எந்தக் கோணத்திலாவது படிந்தால் சமச்சீர் கோடு உண்டு. எப்படிச் சுற்றினாலும் படியவில்லை என்றால் இல்லை. இந்தக் கவிழ்ப்புச் சோதனை கண்ணாடியைவிட நம்பகமானது.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது மையத்தில்தான். ஊசி 2 மி.மீ. தள்ளிப் போனால், 72° சுழற்றியபின் படம் முழுதும் ஏறத்தாழ 2.4 மி.மீ. நகர்ந்து நிற்கும். 90° சுழற்றும் நான்கிதழ்ப் பூவில் இது 2.8 மி.மீ. மையத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் குழலின் வாய்க்கு நடுவே குறியுங்கள். கோடுகள் எல்லாமே ஒரே அளவு விலகினால் ஊசியில் தவறு. ஒரே ஓர் இதழ் மட்டும் விலகினால் அது பூவின் இயல்பு, அல்லது வாட்டம். நீளமான இதழுக்கும் குட்டையான இதழுக்கும் உள்ள வேறுபாடு சராசரியில் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் சமம் என்று எடுத்துக்கொள்ளலாம். உயிருள்ள பொருளிடம் இதற்குமேல் கறார் காட்டக் கூடாது.

கண்ணாடிதான் வேண்டும் என்பவர்களுக்கு: சாதாரணக் கண்ணாடியில் எதிரொளிப்பது பின்பக்கப் பூச்சு. ஆகவே முன் விளிம்பை அல்ல, பின் விளிம்பைக் கோட்டின் மேல் நிறுத்துங்கள். 3 மி.மீ. தடிமன் உள்ள கண்ணாடியை முன் விளிம்பால் வைத்துவிட்டு எருக்கம்பூவுக்கே சமச்சீர் இல்லை என்று எழுதியவர்கள் உண்டு.

கே: சுழல் வரிசை 5, சமச்சீர் கோடு ஒன்றே ஒன்று. இப்படி ஒரு பூ இருக்க முடியுமா? (எட்டாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி)

ப: முடியாது. ஒரு கோடு கிடைத்துவிட்டால், பூவை 72° சுழற்றும்போது அந்தக் கோடும் சுழன்று இன்னோர் இடத்தில் கோடாகிறது. சுழற்றியபின்னும் பூ மாறவில்லை அல்லவா? இப்படி மொத்தம் ஐந்து கோடுகள் வந்துவிடும். வரிசை எத்தனையோ, கோடுகளும் அத்தனை. இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. இடைப்பட்ட எண்ணுக்கு வழியில்லை. கோடு ஒன்று மட்டும் உள்ள பூவுக்கு வரிசை 1, அதாவது முழுச் சுற்றுச் சுற்றினால்தான் பழைய நிலை. தும்பை, துளசி, அகத்தி, எள் எல்லாம் அந்த வகை.

கே: இட்லிப் பூவுக்கு நான்கு இதழ். வரிசை 4 என்று எழுதினேன். 2 என்று திருத்தப்பட்டு வந்தது. (பத்தாம் வகுப்பு மாணவர், கும்பகோணம்)

ப: திருத்தியவர் உன்னிப்பானவர். இட்லிப் பூவின், அதாவது வெட்சியின், இதழ்கள் 4, மகரந்தத் தாள்கள் 4. ஆனால் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முடி, அதாவது பெண் உறுப்பின் நுனி, இரண்டாகப் பிளந்திருக்கும். 90° திருப்பினால் இதழ் பொருந்தும், சூல்முடி குறுக்கே நிற்கும். 180° திருப்பினால்தான் இரண்டும் பொருந்தும். இதழ்களுக்கு மட்டும் கேட்டிருந்தால் நீங்கள் எழுதிய 4 சரி. முழுப்பூவுக்கு என்றால் 2.

கடுகுப் பூ இன்னும் அழகான எடுத்துக்காட்டு. புல்லி 4, அல்லி 4. தாள்கள் மட்டும் 6, அதில் நான்கு நெட்டை, இரண்டு குட்டை. குட்டைத் தாள்கள் எதிரெதிராக நிற்கின்றன. இதழ்களை மட்டும் பார்த்தால் வரிசை 4. தாள்களையும் சேர்த்தால் 2. கோடும் இரண்டு.

இதற்குக் குறுக்குவழி உண்டு. ஒவ்வொரு வட்டத்திலும் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையை எழுதி மீப்பெரு பொதுக் காரணி எடுங்கள். முழுப்பூவின் சுழல் வரிசை அந்த எண்ணாகவோ அதன் காரணி ஒன்றாகவோதான் இருக்கும். 4, 4, 2 என்றால் 2. நித்தியகல்யாணிக்கு இதழ் 5, தாள் 5, விதை உருவாகும் சூலகத்தின் பிரிவுகள் 2. மீ.பொ.கா. 1. மேலிருந்து பார்க்க அத்தனை ஒழுங்காகத் தெரியும் பூ, சூலகத்தையும் சேர்த்தால் சுழல் சமச்சீரே இல்லாததாகிவிடுகிறது. ஊமத்தைக்கும் இதே கதைதான். கடுகில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது: தாள் 6 என்று மொத்தமாக எண்ணாமல் 4, 2 எனப் பிரித்து எண்ண வேண்டும். நீளம் வேறானால் வகையும் வேறு.

பவளமல்லி பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள். அதன் மடல்கள் 5 முதல் 8 வரை பூவுக்குப் பூ மாறும், ஒரே கிளையில்கூட. ஆகவே செடிக்கு ஒரு வரிசை சொல்ல முடியாது, கையில் உள்ள பூவுக்குத்தான் சொல்லலாம். மல்லிகைக்கும் அப்படியே.

கே: எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் சில பூ வலப்பக்கம் திருகியும் சில இடப்பக்கம் திருகியும் இருக்கின்றன. நோயா? (வாசகி, மட்டக்களப்பு)

ப: நோய் இல்லை அம்மா. செம்பருத்தி, பூவரசு, பருத்தி, வெண்டை எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் இரண்டு திருகும் ஒரே செடியில் வருவது இயல்பு. இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றிய டி.ஏ. டேவிஸ், தென்னையின் இட–வலச் சுழற்சியை ஆராய்ந்தவர், இந்தக் குடும்பத்தின் இதழமைவு பற்றியும் 1964இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

அரளி, நந்தியாவட்டைக் குடும்பத்தில் இந்த நெகிழ்வு கிடையாது. அங்கே திசை இனத்துக்கு இனம் நிலையானது. ஒரு நந்தியாவட்டைச் செடியின் எல்லாப் பூவும் ஒரே பக்கம்தான் திருகும். ஊரில் உள்ள மற்ற நந்தியாவட்டையும் அப்படியே. அரளி அதற்கு நேர் எதிர்த்திசை. இரண்டையும் ஒரே கையில் பிடித்துப் பாருங்கள், உடனே தெரியும்.

எண்ணிப் பார்க்க விரும்பினால்: பூவை முகத்துக்கு நேராகப் பிடித்து, ஓர் இதழை மேல்நோக்கி வைத்து, அதன் எந்த விளிம்பு பக்கத்து இதழின் மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்து ‘இட’ அல்லது ‘வல’ என்று குறியுங்கள்.   கைபேசியின் முன்கேமராவில் எடுக்காதீர்கள். பல கைபேசிகள் அந்தப் படத்தை இடவலம் மாற்றியே சேமிக்கின்றன. 20 பூ எண்ணி 13க்கு 7 என்று வந்தால் ‘இந்தச் செடி வலக்கைச் செடி’ என்று முடிவுகட்ட வேண்டாம். சம வாய்ப்பு இருந்தாலும் 20இல் 6 முதல் 14 வரை தற்செயலாகவே வரும். 100 பூ எண்ணி 40க்குக் கீழோ 60க்கு மேலோ போனால் அப்போது யோசிக்கலாம்.

கே: இரண்டு கண்ணாடிகளை 72° கோணத்தில் ஒட்டி, நடுவில் ஒரு நந்தியாவட்டை இதழ் வைத்தேன். ஐந்து இதழ் தெரிந்தது. ஆனால் நந்தியாவட்டை தெரியவில்லை! (வாசகர், கோயம்புத்தூர்)

ப: தெரியவே தெரியாது. ஒரு கண்ணாடி, சாய்ந்த இதழை எதிர்ப்பக்கம் சாய்த்துக் காட்டும். உங்கள் அமைப்பில் நடுவில் அசல் இதழ், அதன் இருபுறமும் எதிர்ச் சாய்வில் இரண்டு பிம்பம், அவற்றுக்கும் பின்னால் இருமுறை எதிரொளித்து மறுபடி அசல் சாய்வுக்கே வந்த இரண்டு பிம்பம். ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் நந்தியாவட்டை. கண்ணாடிகளால் சமச்சீர் கோடு உள்ள உருவத்தைத்தான் கட்ட முடியும். நந்தியாவட்டையிடம் கோடு இல்லை.

இதே அமைப்பில் எருக்கம்பூவின் ஒரு பிரிவை வெட்டி, அதன் நடுக்கோடு இரு கண்ணாடிக்கும் சரிநடுவே வரும்படி வையுங்கள். முழு எருக்கம்பூ கிடைக்கும். இட்லிப் பூவுக்குக் கோணம் 90°. கோணம் ஓரிரு டிகிரி பிசகினாலும் பின்பக்கப் பிம்பங்கள் ஒன்றோடொன்று மோதி விளிம்பு உடைந்து தெரியும். பாகைமானியைக் கண்ணாடிகளுக்கு அடியில் வைத்துவிட்டே ஒட்டுங்கள்.

கே: சங்குப்பூவில் பெரிய இதழ் கீழே இருக்கிறது. அகத்தியில் மேலே. எது முறை? அடுக்குச் சங்குப்பூ ஏன் வேறு பூ மாதிரியே இருக்கிறது? (மாடித்தோட்ட வாசகி, மதுரை)

ப: அவரைக் குடும்பத்துப் பூவின் பொது அமைப்பு அகத்தியில் பார்ப்பதுதான்: மேலே ஒரு பெரிய கொடியல்லி, பக்கத்துக்கொன்றாக இரண்டு சிறகல்லி, கீழே ஒட்டிய இரண்டு படகல்லி. கோடு ஒன்று, நெட்டுக்குத்தாக. சங்குப்பூ இதே அமைப்பைத் தலைகீழாக வைத்திருக்கிறது. கொடியல்லி கீழே போய் வண்டு இறங்கும் தளமாகிறது. மேலே உள்ள படகுக்குள் மகரந்தம். வந்து இறங்கும் பூச்சியின் முதுகில் அது படும். அகத்தியில் வயிற்றுப் பக்கம். கோடு ஒன்றாக இருப்பதன் பயனே இதுதான்: பூச்சி ஒரே பக்கமிருந்து நுழைகிறது, மகரந்தம் உடலில் ஒரே இடத்தில் ஒட்டுகிறது, அடுத்த பூவின் சூல்முடியும் அதே இடத்தைத் தொடுகிறது. தும்பையின் மேலுதடு தாள்களை மூடி நிற்பதும் இதற்காகவே.

அடுக்குச் சங்குப்பூவை வெறும் ‘நிறைய இதழ்’ என்று நினைத்துவிடாதீர்கள். பிரித்து எண்ணினால் சிறகும் படகும் இருக்க வேண்டிய இடத்தில் கொடியல்லியைப் போல அகன்ற இதழ்கள் இருக்கும். ஐந்தும் ஏறத்தாழ ஒரே வடிவம், ஒன்றையொன்று தழுவி ரோஜா போலத் தெரிகின்றன. ஒரு கோட்டுப் பூ, ஆரச்சமச்சீரை நோக்கி நகர்ந்திருக்கிறது. மகரந்தத் தாள்களையும் பாருங்கள். ஒற்றைச் சங்கில் 9 ஒட்டியும் 1 தனியாகவும் இருக்கும். அடுக்கில் எப்படி என்று நீங்களே பிரித்துக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த மாற்றத்துக்கு நெடிய வரலாறு உண்டு. ஒரு முள் போன்ற தேன்குழலும் ஒரே சமச்சீர் கோடும் உள்ள லினேரியா என்ற ஐரோப்பியச் செடியில், ஐந்து குழலோடு வட்டமாகப் பூத்த ஒன்றை 1744இல் லின்னேயஸ் விவரித்தார். தம் வகைப்பாட்டுக்கே அடங்காத அதற்கு, அரக்கன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெலோரியா என்று பெயரிட்டார். 250 ஆண்டுக்குப் பின் விடை கிடைத்தது. ஸ்நாப்டிராகன் பூவின் மேல்பக்க இதழ்களில் மட்டும் சைக்ளாய்டியா என்ற மரபணு வேலை செய்கிறது என்று 1996இல் காட்டினார்கள். அதுவும் அதன் இணை மரபணுவான டைக்கோட்டமாவும் செயலிழந்தால் ஐந்து இதழும் கீழ் இதழைப் போலவே வளர்ந்து பூ வட்டமாகிவிடுகிறது. 1999இல் லினேரியாவைச் சோதித்தபோது மரபணுவின் எழுத்து வரிசை அப்படியே இருந்தது. அதன் மேல் மெத்தில் தொகுதிகள் என்ற சிறு வேதித் துணுக்குகள் ஏறி அதை அடக்கியிருந்தன. அவரைக் குடும்பத்திலும் கொடியல்லிக்கு வடிவம் கொடுப்பது இதே மரபணுக் குடும்பம்தான். நம் சங்குப்பூ கொடியல்லிப் பக்கம் சாய்கிறது, ஸ்நாப்டிராகன் கீழ் இதழின் பக்கம் சாய்கிறது. திசை வேறு, போய்ச் சேருமிடம் ஒன்று.

கே: ஒரு கோடுகூட இல்லாத பூ உண்டா? (வாசகர், திருநெல்வேலி)

ப: ஆவாரம்பூ. தூரத்திலிருந்து ஒரு கோட்டுப் பூ போலத் தெரியும். அருகே பார்த்தால் சூலகத்தண்டு நடுவில் நில்லாமல் ஒரு பக்கம் வளைந்திருக்கும். சில பூவில் வலம், சில பூவில் இடம், ஒரே செடியில் இரண்டும். பத்துத் தாள்களில் ஏழில் மகரந்தம், மேல்பக்கம் உள்ள மூன்று மலடு. தச்சன் வண்டு தாளைப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்க்கும். ஒரு பூவில் வலப்பக்கம் பட்ட மகரந்தம், தண்டு அந்தப் பக்கம் வளைந்த பூவின் சூல்முடியில் சேரும். இரு வகைப் பூவையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்க எவ்வளவு சுழற்றினாலும் நடக்காது. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். பூ தனக்குள் வைத்துக்கொள்ளாத சமச்சீரைச் செடி வைத்திருக்கிறது என்பதுதான் இதில் எங்களுக்குப் பிடித்த இடம்.

கல்வாழை இன்னொன்று. நீங்கள் இதழ் என்று நினைக்கும் வண்ணப் பகுதிகள் உண்மையில் மலடான தாள்கள். உண்மையான அல்லிகள் மூன்றும் சிறியவை, அடியில் ஒதுங்கியிருக்கும். வளமான தாளிலும் பாதிதான் மகரந்தப்பை, மறுபாதி இதழாக விரிந்துவிட்டது. கோடு போட இடமே இல்லை.

செங்காந்தள் ஒரு நடுத்தரம். இதழ் 6, தாள் 6, எல்லாம் ஒழுங்காக விரிந்திருக்க, சூலகத்தண்டு மட்டும் அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாக மடிந்து ஒரு பக்கம் நீள்கிறது. அந்த ஒற்றை வளைவால் சுழல் சமச்சீர் முழுதும் போயிற்று. தண்டின் வழியே செல்லும் ஒரு கோட்டைத் தவிர வேறு கோட்டுக்கும் வாய்ப்பில்லை.

கே: சூரியகாந்தியின் சுழல் வரிசை என்ன? (பலர்)

ப: இல்லை. அது ஒரு பூவே அல்ல, நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் தலை. நடுவில் உள்ள ஒவ்வொரு குழல்பூவும் ஐந்து மடல் கொண்ட ஆரச்சமச்சீர்ப் பூ. ஓரத்து மஞ்சள் ‘இதழ்’ ஒவ்வொன்றும் ஒரு கோட்டுப் பூ. தலையில் அடுத்தடுத்த பூக்கள் சுமார் 137.5° இடைவெளியில், ஒன்றைவிட ஒன்று வெவ்வேறு தூரத்தில் அமைவதால் எந்தக் கோணத்தில் சுழற்றினாலும் முழுதாகப் பொருந்தாது. ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55 என எண்ணும் சுருள்கள் சமச்சீர் வரிசை ஆகா.

கே: ரோஜாவின் பச்சை இதழ்களில் சிலவற்றுக்கு மட்டும் ஓரத்தில் பிசிறு இருக்கிறது. பூச்சி அரித்ததா? (வாசகி, ஓசூர்)

ப: ஐந்தையும் சுற்றி எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கு இருபுறமும் பிசிறு, இரண்டுக்குப் பிசிறே இல்லை, ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும். பூச்சி இவ்வளவு கணக்குப் பார்த்துக் கடிக்காது.

ரோஜாவின் புல்லிகள் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, 144° தள்ளித் தள்ளித் தோன்றுகின்றன. முதல் புல்லி 0°, இரண்டாவது 144°, மூன்றாவது 288°, நான்காவது 72°, ஐந்தாவது 216°. முன்னால் வந்தது வெளியே, பின்னால் வந்தது உள்ளே. இப்போது பக்கத்து இடங்களைப் பாருங்கள். 1, 2 இரண்டுக்கும் இரு விளிம்பும் வெளியே. 4, 5 இரண்டுக்கும் இரு விளிம்பும் மூடியிருக்கும். 3க்கு ஒரு விளிம்பு வெளியே, மறு விளிம்பு 1க்கு அடியில். வெளியே இருந்த விளிம்பில் மட்டும் பிசிறு வளர்கிறது.

ஆக, ரோஜாவின் புல்லி வட்டத்துக்குச் சுழல் வரிசை 1, கோடு 0. பிசிறை விட்டுவிட்டுப் பார்த்தால்தான் 5. காட்டு ரோஜாக்கள் பலவற்றிலும் பழைய தோட்ட ரோஜாக்களிலும் இது தெளிவாகத் தெரியும். பூக்கடையின் நீள்தண்டு ரோஜாவில் பிசிறு குறைவு, மொட்டாக வாங்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கே: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தப் பூக்களைக் கொடுக்கலாம்? (ஆசிரியர், புதுக்கோட்டை)

ப: செம்பருத்தி, இட்லிப் பூ, சங்குப்பூ, தும்பை, கடுகு. சுழற்சி, கண்ணாடி இரண்டும் இவற்றிலேயே வந்துவிடும். அரளி, ஊமத்தை, செங்காந்தள் மூன்றும் நஞ்சு. கையில் கொடுக்காமல் படமாகக் காட்டுங்கள். எருக்கம்பாலும் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். பூவை நீங்களே பறித்து, காம்பில் பால் வடிந்து நின்றபின் துடைத்து, அட்டையில் செருகி வையுங்கள். பிள்ளைகள் தொட வேண்டியதில்லை. நித்தியகல்யாணியும் வாயில் வைக்கத் தகாதது. காலை எட்டு, ஒன்பது மணிக்குள் பறித்ததே நல்லது. மதியத்துக்குள் விளிம்பு சுருண்டுவிடும்.

கே: வாசலில் நந்தியாவட்டை மாதிரி ஐந்து இதழ்க் கோலம் போட வேண்டும். ஐந்தாகப் பிரிக்க வரவில்லை. (வாசகி, திருவையாறு)

ப: ஆறாகப் பிரிப்பது சுலபம், ஆரத்தையே கயிறாக வைத்து வட்டத்தில் அளந்தால் போதும். ஐந்துக்கு ஆரத்தை 1.1756ஆல் பெருக்க வேண்டும். 30 செ.மீ. ஆரமுள்ள வட்டம் என்றால் 35.3 செ.மீ. கயிறு. இரு முனையும் வட்டத்தின் மேல் படும்படி நேராக இழுத்து ஐந்து முறை குறியுங்கள். 35 போதும் என்று விட்டால் கடைசியில் ஒன்றரை செ.மீ.க்கு மேல் இடைவெளி விழும். நூல்கயிறு நீளும், சணலோ கம்பியோ எடுங்கள்.

ஐந்து புள்ளி கிடைத்ததும் மையத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் இழுக்கும் கோட்டை நேராக இழுக்காமல் வலப்பக்கம் சற்று வளைத்து இழுங்கள். ஒவ்வோர் இதழின் வெளி விளிம்பும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியட்டும். ஐந்திலும் ஒரே பக்கம். கோலம் போடும்போது நாம் சுற்றிச் சுற்றி வந்து உட்காருவதால் மூன்றாவது இதழில் கை தானாக மாறிவிடும். நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மையம் உங்களுக்கு எதிரே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் வளைவு மாறாது.